தாழ்ந்த சக்கரம்

படாரென்று பீப்பாயின் மேல் வந்து விழுந்தது அளவுக்குச்சி. அந்தச் சத்தம் அடங்குவதற்குள் செபாஸ்டினின் கை சங்கையாவின் கன்னத்தில் இறங்கியது.

"எடா கள்ளா! இன்னிக்கும் பெட்ரோல் நாலு விரல் குறவு. எவிடெடா கொண்டுபோய் வித்தே?"

சங்கையாவின் வாயில் உப்புக் கரித்தது. கடைவாய்ப் பல் ஒன்று நாக்கில் பட்டு ஆடியது.

"சத்தியமா நான் தொடலய்யா. ராத்திரி முச்சூடும் கண்ணு மூடல."

"மூணு நாளாயிட்டு இதே கதை பறையுன்னு. நாளைக்கும் குறைஞ்சா செக்ரோலில் பேர் வெட்டும். லயத்தைக் காலி செய்து, அவளையும் கூட்டி மலை இறங்கிக்கோ. ஸ்டேஷனில் மிச்சம் அடி கிட்டும்."

செபாஸ்டின் எஸ்டேட்டின் ஃபீல்டு ஆபீசர். ஆள் கணக்கெழுதும் அந்தச் செக்ரோலில் அவன் பேர் வெட்டினால் துரைகூட மறுபடி எழுத மாட்டார். கூலிக்காரர்களின் லயத்து வீட்டில் மனைவி சாந்தம்மாளுக்கு ஏழாம் மாதம். மலை இறங்கிப் போனால் அவளைப் படுக்கவைக்க ஒரு கூரை கிடையாது.

மருந்தடிக்கும் அந்தச் சின்ன விமானம் சூரியநெல்லிக்கு வந்து நாலு நாளாகியிருந்தது. மாசி வெயிலில் தேயிலையெல்லாம் சிவப்புச் சிலந்திப் பூச்சி. பந்து விளையாடுகிற மைதானத்தை இரு முனையும் வெட்டி நீட்டி ஓடுபாதை ஆக்கியிருந்தார்கள். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் பத்துக்குள் இறங்கிவிட வேண்டும். அப்புறம் காற்று எழுந்துவிடும். இறங்கிய கையோடு இரண்டு இறக்கைகளிலும் பெட்ரோலை வாய்வரை நிரப்பி மூடுவார்கள். காலி இடம் விட்டால் மலைப்பனி உள்ளே தண்ணீராகக் கோத்துக்கொள்ளுமாம். அதன் பிறகு மறுநாள் காலை வரை சங்கையாதான் காவல். பைலட் பங்களாவிலிருந்து வருவதற்கு முன்பே செபாஸ்டின் வந்து குச்சியை விட்டுப் பார்த்து, குறைந்ததை ஊற்றி வைத்துவிடுவான். மூன்று காலையும் குறைந்தது. மூன்று காலையும் அடி விழுந்தது. பெட்ரோல் விலை ஒரேயடியாக ஏறி, லாரிக்காரர்கள் கேனைத் தூக்கிக்கொண்டு அலைந்த வருஷம் அது. திருட்டு என்றால் யாரும் நம்புவார்கள்.

அன்றைக்கும் பைலட் ஈஸ்வரமூர்த்தி சிரித்துக்கொண்டே வந்தார். கிழக்குப் பாலக்காட்டில் கடலைக் காடு வைத்திருக்கும் குடும்பம். கூலிக்காரனையும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார்.

"ஏனுங்க சங்கையா, கன்னத்துல என்னங்க, பணியாரம் வெச்சாப்பல?"

செபாஸ்டின் பக்கத்திலேயே நின்றிருந்தான்.

"பல்லு வலி சார்," என்றான் சங்கையா.

விமானம் பறந்தது, இறங்கியது. வழக்கம்போல நிரப்பினார்கள். மைதானத்தின் மேல்பக்கம் நல்ல சமதரை. அங்கே செபாஸ்டினின் சொந்தத் தோட்டத்து மிளகு சாக்குகளில் காய்ந்துகொண்டிருந்தது. அதனால் விமானத்தைத் தினமும் கீழ்ச்சரிவுக்குத் தள்ளிக்கொண்டுபோய் நிறுத்துவார்கள். இடது சக்கரம் ஒரு முழம் தாழ்ந்து, நொண்டிக் கோழி மாதிரி ஒருச்சாய்ந்து நிற்கும்.

சங்கையா இறக்கையின் நிழலிலேயே குந்தினான். திருடன் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் இன்று கவ்வாத்துக் கத்தியால் வெட்டிவிடுவது என்று முடிவு செய்திருந்தான். தேயிலைச் செடியை ஒரே வீச்சில் கழிக்கிற கத்தி. மடியில் கிடந்தது. உச்சி வெயிலில் தகரம் கொதித்தது. அப்போது புறங்கையில் சில்லென்று ஒரு சொட்டு விழுந்தது.

அண்ணாந்து பார்த்தான். தாழ்ந்த இறக்கைக்கு அடியில், சுண்டுவிரல் தண்டியில் ஒரு வளைந்த குழாய். அதன் நுனியில் அடுத்த சொட்டு திரண்டுகொண்டிருந்தது. புல்லில் விழுந்த மாத்திரத்தில் காய்ந்தது. ஈரம்கூட மிஞ்சவில்லை. கத்தியைப் போட்டுவிட்டு ஓடி, கீழே கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்த கங்காணி கருத்தப்பாண்டியைக் கையைப் பிடித்து இழுத்து வந்தான்.

அதற்குள் மேகம் வெயிலை மறைத்திருந்தது. இறக்கை குளிர்ந்து, சொட்டும் நின்றிருந்தது.

"ஏலே, ஏரோப்ளேனுக்குச் சளி புடிச்சிருக்கோ? மூக்கு ஒழுகுதுங்கே?"

"என் கையில விழுந்துச்சு கங்காணி. மோந்து பாரும்."

"கையில பெட்ரோல் நாத்தம் வேறயா? திருட்டுப் பயலே, நீயே காட்டிக் குடுக்கியே!"

கம்பு முதுகில் விழுந்தது. முட்டியில் விழுந்தது. சுருண்டு விழுந்தவனின் இடுப்பில் பூட்ஸ் கால் ஏறியது. கொழுந்துக் கூடையோடு நின்ற பெண்கள் பார்த்துக்கொண்டே நின்றார்கள். தாழ்ந்த சக்கரத்தை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டு அத்தனையையும் வாங்கினான் சங்கையா. கத்தி எட்டும் தூரத்தில்தான் கிடந்தது. சாந்தம்மாளின் வயிறு நினைவுக்கு வந்ததால் கையை நீட்டவில்லை.

கங்காணி போன பிறகு அவனுக்குப் பழைய நாள் ஒன்று ஞாபகம் வந்தது. போடிமெட்டு லாரியில் கிளீனராக இருந்தபோது, கொண்டை ஊசி வளைவில் கல் தெறித்து டேங்க் ஓட்டையாகிவிட்டது. டிரைவர் பதறவில்லை. குளிக்கிற சோப்பைப் பிசைந்து அப்பினார். போடி வரை ஒரு சொட்டு ஒழுகவில்லை. மலைப்பாதை லாரிக்காரன் ஒவ்வொருவனுக்கும் தெரிந்த வைத்தியம் அது.

நொண்டியபடி லயத்துக்குப் போய், சாந்தம்மாளின் சிவப்புச் சோப்பில் பாதியைக் கத்தியால் அறுத்து எடுத்துவந்தான். எச்சில் தொட்டுப் பிசைந்து, குழாய்க்குள் குச்சியால் குத்தித் திணித்து, நுனியில் துணி சுற்றிச் சணலால் இறுக்கிக் கட்டினான்.

மறுநாள் காலை செபாஸ்டின் குச்சியை விட்டான். எடுத்துப் பார்த்தான். மறுபடியும் விட்டான்.

"கண்டோ? ரெண்டு அடி கொடுத்தால் பெட்ரோல் தன்னால நிக்கும்," என்று கருத்தப்பாண்டியைப் பார்த்துக் கண்ணடித்தான்.

சங்கையா பீப்பாயை உருட்டி ஓரமாகத் தள்ளினான். அடித்தவன் எதையாவது நினைத்துக்கொள்ளட்டும். பேர் வெட்டவில்லை, அது போதும். பைலட்டிடம் மட்டும் சோப்பு விஷயத்தைச் சொல்லிவிட நினைத்து இரண்டடி எடுத்துவைத்தான். செபாஸ்டின் திரும்பி முறைத்தான். பள்ளத்தாக்கிலிருந்து பனி மேலேறிக்கொண்டிருந்தது; பைலட்டும் அவசரத்தில் இருந்தார். ஏறினார், கையசைத்தார், கிளம்பினார்.

முதல் சுற்று நன்றாகத்தான் போனது. மருந்து வெள்ளைச் சேலை மாதிரி மலைமேல் விரிந்தது. இரண்டாம் சுற்றுக்குத் திரும்பும்போது எஞ்சின் இருமியது. மறுபடி இருமியது. அப்புறம் மலை முழுக்க ஒரே அமைதி.

சில்வர் ஓக் மரங்கள் மடமடவென்று முறிந்தன. ஒரு இறக்கை தனியாகப் பிய்ந்து பாறையில் மோதியது. சங்கையா கத்தியோடு ஓடினான். தேயிலைச் செடிகள் தொடையைக் கிழித்தன. பெட்ரோல் நாற்றம் மூச்சை அடைத்தது. எந்த நிமிஷமும் பற்றிக்கொள்ளலாம். வார்களை அறுத்து, அக்குளில் கைகொடுத்து, பைலட்டை வெளியே இழுத்துப் போட்டான். வலது காலில் எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு நின்றது. முகமெல்லாம் ரத்தம். அதற்குள்ளும் அவர் கண், பக்கத்தில் கிடந்த இறக்கையின் மேல் போய் நின்றது. குழாய் நுனியில் சணல் கட்டு அவிழாமல் அப்படியே இருந்தது.

"அது... யாருங்க வெச்சது?"

"நாந்தான் சார். ஒழுகுச்சு. நான் திருடுதேன்னு மூணு நாளா அடிச்சாக. சோப்பு வச்சேன்."

"ரெண்டு டேங்குக்கும் அது ஒண்ணுதானுங்க மூச்சுக்குழாய். காத்து உள்ள போனாத்தான் எண்ணெய் எறங்கும்..."

மேலே சரிவில் ஆட்கள் ஓடிவரும் சத்தம் கேட்டது. முன்னால் செபாஸ்டின், பின்னால் கம்போடு கருத்தப்பாண்டி.

"பிடிக்கெடா அவனை! பெட்ரோல் திருடியது போதாதுன்னு மனுஷனையும் கொன்னுட்டான்! அடிச்சுக் கொல்லடா!"

சங்கையா எழுந்தான். கத்தி கையில்தான் இருந்தது. அதைக் கீழே போட்டுவிட்டு மண்டியிட வேண்டியதுதான் என்று தோன்றியது. விரல்களைத் தளர்த்தினான். அப்போது பைலட் அவன் கணுக்காலைப் பற்றினார். வலியில் சொற்கள் ஒவ்வொன்றாகத்தான் வந்தன.

"சரிவுல நிறுத்துனா ஒழுகுமுங்க, தாழ்ந்த சக்கரத்துக்கு அடியில பலகை வெக்கோணுமுன்னு மொத நாளே செபாஸ்டின்கிட்டச் சொன்னனே... உங்ககிட்ட அவரு சொல்லவே இல்லீங்களா?"