வரிசையில் ஏழாவது வீடு

பல்லி கத்தினால்கூட வெளியே கிளம்பியவரைத் திருப்பி உட்கார வைக்கிறவள் உடையப்பனின் மனைவி. "தண்ணி பூந்த வீட்டுல பரிசம் போடக்கூடாது. மூணு மாசம் தள்ளி வைக்கச் சொல்லிட்டு வாங்க" என்று அவள் விரட்டியதால்தான் உடையப்பன் கலும்பாங்கிலிருந்து காரை எடுத்தார். மகன் விமலனுக்கு நிச்சயித்த பெண் லோகேஸ்வரியின் வீடு கோல சிலாங்கூரில் இருந்தது. வெள்ளம் வடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அன்று வியாழன், ஞாயிற்றுக்கிழமை பரிசம்.

முப்பது வருடம் செம்பனைத் தோட்டத்தில் மண்டோராக நின்று ஆட்களை வேலை வாங்கிய மனுஷன். வீட்டில் மட்டும் வாய் எழும்பாது.

தாமான் குடியிருப்புக்குள் நுழைந்தால் சாலையின் இரண்டு பக்கமும் ஊறிப்போன மெத்தைகளும் கதவு பிய்ந்த அலமாரிகளும் கிடந்தன. நாற்றம் தாங்காமல் கார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். பெண் வீட்டில் கணுக்கால் உயரத்துக்குச் சேறு, ஒருவரும் கை வைக்கவில்லை. பெண்ணும் அவள் அம்மா நல்லம்மாளும் பத்துப் பேரோடு சேர்ந்து அடுத்தவர் வீட்டுச் சேற்றைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். உடையப்பனுக்குச் சுர்ரென்று ஏறியது.

"என்னம்மா இது? பரிசத்த வச்சிக்கிட்டு உங்க வீட்ட அப்படியே போட்டிருக்கீங்க?"

"வாங்க சம்பந்தி. வரிசைப்படிதான் கழுவுறோம். படுத்த படுக்கையா இருக்கிறவங்க வீடு, கைப்பிள்ள இருக்கிற வீடெல்லாம் முன்னுக்கு. எங்களுது ஏழாவது, சனிக்கிழம முடிஞ்சிரும் லா" என்றாள் நல்லம்மாள், சாவகாசமாக.

அவருக்குள் இருந்த மண்டோர் விழித்துக்கொண்டார். "இங்க பாருங்கப்பா, அது கல்யாண வீடு. எல்லாரும் மொதல்ல அங்க வாங்க" என்று கையைத் தட்டினார். பாவம், நல்ல ஜனங்கள், நான்கைந்து பேர் துடைப்பத்தோடு கிளம்பியும் விட்டார்கள்.

லோகேஸ்வரி வாசலை மறித்து நின்றாள்.

"வேணாம் மாமா. இந்த வீட்டுப் பிள்ளைக்கு இருவது நாள்தான் ஆகுது, பக்கத்து ஊரு ஸ்கூல் முகாம்ல தரையில கெடக்குது. எங்க வீட்டுச் சேறு காஞ்சா சொரண்டிக்குவோம்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அத்த தள்ளி வைக்கச் சொன்னத விமலன் சொல்லிட்டாரு. தள்ளி வச்சாலும் சரி, வேணாம்னு நிப்பாட்டினாலும் சரி. வரிசைய மட்டும் மாத்த மாட்டேன்."

உடையப்பனுக்கு முகம் சுருங்கிப்போனது. வெட்கமாகத்தான் இருந்தது. கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குள் இறங்கினார். ஆட்களை இரண்டு கும்பலாகப் பிரித்தார், தண்ணீர் ஊற்றத் தனி ஆள் போட்டார். மாலைக்குள் நான்காவது வீடும் முடிந்தது.

அப்போது மனைவி போன் செய்தாள். "சொல்லிட்டீங்களா?"

"ஞாயித்துக்கிழம ஒம்பது மணிக்குத் தட்டோட வந்து நில்லு."

"சகுனம்?"

"நாளைக்கு நீ படுக்கையில விழுந்தா, தன் வேலையப் போட்டுட்டு உன்னைய மொதல்ல பாக்கிற பொண்ணு இது. இதவிட நல்ல சகுனம் நான் பாத்ததில்ல. விமலன நாளைக்கு விடியக்காலையிலேயே அனுப்பு, இன்னும் மூணு வீடு கெடக்கு."