யார் திருப்பிக் கொடுப்பது?

கண்ணாடித் தடுப்புக்கு உள்பக்கம் லைப்ரரி குழு. வெளிப்பக்கம் செயலிக் குழு. உள்ளே இருப்பவர்கள் வீடியோவைச் சுருக்கும் நிரலை சி என்ற கணினி மொழியில் எழுதுவார்கள்; அந்த நிரல் தொகுப்புக்குத்தான் லைப்ரரி என்று பெயர். வெளியே இருப்பவர்கள் அதைத் தங்கள் செயலியில் சேர்த்து விற்பனைக்குத் தயார் செய்வார்கள். இரண்டு குழுவுக்கும் ஒரே காபி மெஷின்தான். பழுதானால் மட்டும் அது எதிர்க்குழுவின் மெஷினாகிவிடும்.

உள்ளே கடைசி நாற்காலியில் இருந்தவளை எல்லாரும் 'புதுசு' என்றே கூப்பிட்டார்கள். வெளிக்குழுவின் தலைவர் அவளுடைய அக்கா கணவர். வேலையில் சேர்ந்ததிலிருந்து அக்கா வீட்டுக் கூடத்தில், சோபாவுக்கும் துணி காயும் கம்பிக்கும் நடுவே அவள் படுத்துக்கொள்கிறாள். அக்கா ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. இருந்தாலும் ஈரத்துணி முகத்தில் சொட்டும்போதெல்லாம் அவளுக்குத் தனி அறை ஞாபகம் வந்துவிடும். தனி அறை வேண்டுமென்றால் வேலை நிரந்தரமாக வேண்டும். வேலை நிரந்தரமாக, வாடிக்கையாளர் நேரில் வந்து பார்க்கப்போகும் செயல்விளக்கம் நன்றாக நடக்க வேண்டும். மேனேஜர் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

மேனேஜரைத் திருப்திப்படுத்துவதும் லேசுப்பட்ட காரியமல்ல. வந்த புதிதில் அவள் ஒரு பிழையைப் பிடித்தாள். கோப்பின் அளவைக் குறித்துவைக்க லைப்ரரி ஒதுக்கியிருந்த எண் வகை மிகச் சிறியது. பெரிய வீடியோ வந்தால் எண் அதில் கொள்ளாமல் தலைகீழாகப் புரண்டு, கழித்தல் குறியோடு நிற்கும். அவள் அதைப் பெரிய, கழித்தலுக்கே இடமில்லாத வகையாக மாற்றினாள். மேனேஜர் ஓடி வந்தார்.

"என்னம்மா பண்ணி வச்சிருக்கே? அந்த மைனஸைக் காட்டித்தானே ஊரெல்லாம் வித்துட்டு இருந்தோம்! சுருக்குறதுல நாம பூஜ்ஜியத்துக்கும் கீழ போறோம்னு போஸ்டரே அடிச்சாச்சு!"

அதன் பிறகு எதைத் திருத்தினாலும் அவள் நாலு முறை யோசிப்பாள். திருத்திய பின் இன்னும் நாலு முறை.

ஆனால் பெரிய நோய் வேறு. வீடியோவில் சுருக்கிய ஒவ்வொரு படத்தையும் வைக்க, லைப்ரரி கணினியின் நினைவகத்தில் கொஞ்சம் இடம் கேட்டு வாங்கும். சி மொழியில் வாங்கிய இடத்தை யாரும் தானாக வந்து எடுத்துப் போக மாட்டார்கள். வேலை முடிந்ததும் நாமே திருப்பிக் கொடுக்க வேண்டும். வாங்கியவர்களே கொடுக்கட்டும் என்றது வெளிக்குழு. கடைசியாகக் கையில் வைத்திருந்தவர்கள் கொடுக்கட்டும் என்றது உள்குழு. ஆளாளுக்கு நியாயம் பேசியதில் யாருமே கொடுக்கவில்லை. செயலி காலையிலிருந்து ஊதிக்கொண்டே போய் மாலைக்குள் மூச்சுமுட்டி விழும். விழுவதற்குக் கொஞ்சம் முன்னால் யாராவது எழுந்துபோய் அதை நிறுத்தி, மறுபடி கிளப்பிவிடுவார்கள். பயனர் கையேட்டில் மேனேஜர் இதற்குப் 'புத்துணர்வு வசதி' என்று பெயர் வைத்திருந்தார்.

செயல்விளக்கத்துக்கு முந்தைய நாள், சாப்பாட்டு மேசையிலும் அதே பேச்சு.

"அத்தான், உங்க ஆளுங்க ஒரே ஒரு வரி எழுதினா போதும்."

"ஏம்மா, அந்த ஒரு வரியை உங்க ஆளுங்க எழுதினா கை தேஞ்சிடுமா?"

"உங்க கையில கொடுத்தாச்சு. கொடுத்ததை நாங்களே வந்து பிடுங்கினா நல்லாவா இருக்கும்?"

"நல்ல கதையா இருக்கே! இடத்தை நீங்க வாங்குவீங்களாம், கூட்டிப் பெருக்க நாங்க வரணுமாம்."

அக்கா கரண்டியை 'ணங்' என்று வைத்தாள். "நீங்க ரெண்டு பேரும் சம்பளம் வாங்கிட்டுச் சண்டை போடுறீங்க. நான் எதுக்கு ஓசியில கேக்கணும்? யாராவது ஒருத்தர் விட்டுக்கொடுத்துத் தொலைங்களேன்!"

இருவரும் அவசரமாகச் சாப்பிட்டு எழுந்தார்கள். தட்டைக் கழுவும்போதே தங்கைக்கு மனம் இளகிவிட்டது. பாவம், அத்தான். அவர் குழு தலைகுனியக் கூடாது. கணினியை எடுத்துவைத்து, அடுத்த படம் வந்ததும் முந்தைய படத்தின் இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும்படி லைப்ரரியில் ஒரு வரி சேர்த்தாள். சொல்லிக்காட்டியது போல இருக்குமே என்று அவரிடம் சொல்லவில்லை. உள்ளறையில் அத்தானுக்கும் மனம் இளகியிருந்தது. பாவம், சின்னப் பெண். அவள் வேலை நிலைக்கட்டும். படத்தைக் கோப்பில் எழுதி முடித்ததும் இடத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி செயலியில் அவரும் ஒரு வரி சேர்த்தார். பெருந்தன்மையை விளம்பரம் செய்ய அவருக்கும் கூச்சம். அவரவர் வரியை அவரவர் தனியாக ஓட்டிப் பார்த்தார்கள். பிரமாதமாக ஓடியது.

காலையில் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, வாடிக்கையாளர் அம்மாவின் முன்னால் ஓடவிட்டார்கள். முதல் படம் சுருங்கியது. இரண்டாவது படம் வந்த கணமே செயலி செத்து விழுந்தது. ஒருமுறை திருப்பிக் கொடுத்த இடத்தை இன்னொருமுறை திருப்பிக் கொடுத்தால் கணினி பொறுத்துக்கொள்ளாது. திரையில், ஒரே இடம் இரண்டு தடவை விடுவிக்கப்பட்டதாக ஒரு வரி மின்னியது.

மேனேஜர் சிரித்த முகத்தை மாற்றாமல் பல்லிடுக்கில் கேட்டார்: "யாரு கை வச்சது?"

சோபா, கம்பி, ஈரத்துணி எல்லாம் அவள் கண்முன் வந்துபோயின. எழுந்து நின்றாள். "நான்தான் சார்."

தடுப்புக்கு வெளியிலிருந்தும் அதே நேரத்தில் ஒரு குரல்: "நான்தான் சார்."

"இத்தனை வருஷமா ஒருத்தருக்கும் வராத பொறுப்பு, ரெண்டு பேருக்கும் ஒரே ராத்திரியிலதான் வரணுமா?"

"ஒண்ணை மட்டும் எடுத்துட்டா சரியாயிடும் சார்," என்றாள் அவள்.

"எந்த ஒண்ணை?"

"உங்களோடதை எடுங்க," என்றது வெளிக்குழு. "ஏன், உங்களோடது என்ன ஒசத்தியா?" என்றது உள்குழு. வாடிக்கையாளர் அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ரெண்டையும் எடுங்கய்யா!" என்றார் மேனேஜர்.

இரண்டையும் எடுத்தார்கள். செயலி பழையபடி ஊத ஆரம்பித்து, பழையபடி அழகாக ஓடியது. மாலைவரை அந்த அம்மா உட்கார்ந்து பார்த்தும் எல்லாம் நன்றாகவே போயிற்று. மூச்சுமுட்டும் நேரம் நெருங்கியதும் மேனேஜர் அவளுக்குக் கண்ணைக் காட்டினார். அவள் போய் நிறுத்திக் கிளப்பிவிட்டாள்.

"இவங்க என்ன பண்றாங்க?" என்று கேட்டார் வாடிக்கையாளர் அம்மா.

மேனேஜர் சட்டென்று முன்னால் வந்தார். "புத்துணர்வு வசதி, மேடம். மெஷினை நம்பி விடாம, அதுக்குன்னே தனியா ஒரு ஆள் போட்டிருக்கோம்."

"தனியா ஒரு ஆளா?" அந்த அம்மாவின் புருவம் உயர்ந்தது. "மத்த கம்பெனியில எல்லாம் அதுவா ஓடுதுன்னு சொல்லிட்டு விட்டுடுறாங்க. இவ்வளவு அக்கறையை நான் எங்கயும் பாத்ததில்லை." அங்கேயே கையெழுத்துப் போட்டார், இந்தப் பெண்ணே தொடர்ந்து கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு.

அடுத்த வாரம் அவளுக்கு வேலை நிரந்தரமானது. பதவி, புத்துணர்வு அலுவலர். அந்த வார இறுதியிலேயே ஒரு மாடி அறை பார்த்தாள். ஜன்னல் உண்டு, துணிக்கம்பி கிடையாது. அத்தான் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்து, மூச்சு வாங்கக் கட்டிலில் உட்கார்ந்தார்.

"ஏம்மா, நீ எழுதின அந்த வரி இன்னும் கையில இருக்கா?"

"பத்திரமா இருக்கு அத்தான். எங்க பக்கம் போட்டா போதும், உங்க பக்கம் எதையும் தொட வேண்டாம். நாலு தடவை சோதிச்சும் பாத்துட்டேன்."

"அப்புறம் என்ன? எப்போ போடப் போறே?"

அவள் ஜன்னலைத் திறந்து வெளியே பார்த்தாள்.

"வீட்டுக்காரர் ஒரு வருஷத்துக்கு வாடகை ஒப்பந்தம் எழுதி வாங்கியிருக்கார் அத்தான்."