பேச்சு நின்றால்

விடிந்தும் விடியாத நேரத்தில் அவள் வாளியில் பூச்சைக் கிண்டிக்கொண்டிருந்தாள். வெல்லப்பாகு போலக் கனத்தது. மணிக்கட்டு கழன்றுவிடும் போலிருந்தது. நெடி நெற்றிப்பொட்டில் குத்தியது. குளியலறைக்குள் அவளுடைய அண்ணன் மண்டியிட்டு, ஷவர் வரப்போகும் மூலையில் தண்ணீர் கசியாமலிருக்க அந்தப் பூச்சைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

அண்ணனுக்கு ரேடியோ என்று பேர். வாய் ஓயாது. "இந்த மூலை என் மாமியார் மாதிரி. எவ்வளவு பூசினாலும் குறை சொல்லும்" என்பான். அது வெறும் அரட்டை இல்லை. இந்த நெடி ஆளுக்குத் தெரியாமலே ஆளைச் சாய்த்துவிடும். அதனால் உள்ளே இருப்பவர் பேசிக்கொண்டே இருக்க வேண்டும்; பேச்சு நின்றால் வெளியே இருப்பவர் இழுத்துப் போட வேண்டும். அவர்களுக்குள் அப்படி ஓர் ஏற்பாடு.

நேற்று காண்டிராக்டர் வந்தார். மாடிவீட்டில் நாற்றம் என்றார்களாம், குளியலறை ஜன்னலை டேப் ஒட்டி அடைத்தார். பேச்சுச் சத்தத்தில் அந்த வீட்டுக்காரருக்குத் தூக்கமும் கெடுகிறதாம். "இனிமே உள்ள பேச்சே கேக்கக் கூடாது. வாயைத் திறந்தா வேலை இல்ல."

இன்று பிரஷ் உரசும் ஒலி மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. மூலையைப் பார்த்துக்கொண்டிருப்பான் என்று நினைத்தாள். கூப்பிடலாமா? கூப்பிட்டு வேலை போய்விட்டால்? வாய்வரை வந்த 'அண்ணே'யை விழுங்கினாள். மனசு கேட்காமல் பிளாஸ்டிக் திரையை விலக்கியபோது, ஈரப் பூச்சில் கன்னம் ஒட்டச் சாய்ந்து கிடந்தான்.

அவளும், அடுத்த அறையில் தரைக்கல் பதித்துக்கொண்டிருந்த டைல்ஸ்காரரும் அவனைப் பால்கனிக்கு இழுத்து வந்தார்கள். வாந்தி எடுத்தான். கண் திறந்தான். காண்டிராக்டர் படியேறி வருவதற்குள் அவனுக்கு மூச்சு சீராகியிருந்தது.

"வெறும் வயித்தோட வந்திருப்பான்."

"அண்ணன் சாப்பிட்டுட்டுத்தான் சார் வந்துச்சு. ஜன்னலை அடைச்சது நீங்க."

"சரி சரி. அவன் வீட்டுக்குப் போகட்டும். டைல்ஸு, மிச்ச மூலைய நீ பூசிடு."

டைல்ஸ்காரர் கையிலிருந்த கரண்டியைத் துடைத்துப் பைக்குள் போட்டார். "அவன் விழுந்த இடத்துல நான் போய் மண்டி போடணுமா? ஜன்னலைத் திறங்க. ஃபேன் வைங்க. வாயைக் கட்டாதீங்க."

"உங்களை விட்டா ஊர்ல ஆளே இல்லையா?" காண்டிராக்டர் போனை எடுத்தார்.

அவள் உள்ளே போய் டேப்பை உரித்தாள். நகம் பிய்ந்தது. காற்று வந்தது. உடனே கூப்பிட்டிருந்தால்?

கொஞ்ச நேரத்தில், வாளியும் பிரஷ்ஷுமாக வேறு இரண்டு பேர் படியேறினார்கள். அவள் ஓடிப்போய்ப் பாதிப் படியில் மறித்து நின்றாள். என்ன சொல்வதென்று தெரியாமல், நடந்ததை நடந்தபடியே சொன்னாள். முன்னால் வந்தவர் தலையைச் சொறிந்தார்.

"உள்ள இருக்கிறவன் பேசக் கூடாதாமா?"

"ஆமாண்ணே."

"அப்புறம் உசுரோட இருக்கானான்னு எப்படிம்மா தெரியும்?"

வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். கூட வந்தவன் மேலே பார்த்தான், கீழே பார்த்தான், அவனும் படியில் உட்கார்ந்தான். டைல்ஸ்காரர் பையோடு இறங்கி வந்து அவர்களுக்கு மேற்படியில் அமர்ந்தார்.

"என்ன அங்க பேச்சு?" காண்டிராக்டர் மேலிருந்து கத்தினார்.

பால்கனியிலிருந்து கரகரத்த குரல் ஒன்று வந்தது. "தங்கச்சி, இங்க சரியா கேக்கல. இன்னும் கொஞ்சம் சத்தமா பேசு."

அவள் சத்தமாகவே பேசினாள்.