ஏழாம் நம்பர் காட்டில் நாற்பத்தோரு காயம்

மூன்றாவது சாக்கும் நிறைந்துவிட்டது. இலை மட்டும் நின்றபாடில்லை.

இருளாயி மண்டியிட்டு இரண்டு கையாலும் வாரி வாரித் திணித்தாள். ஒரு மரத்தடியைத் துடைத்து நிமிர்வதற்குள் பின்னால் இரண்டு மரத்தடி சிவந்து கிடந்தது. இலை அவள் தலையில் விழுந்தது, தோளில் விழுந்தது, பிரித்துப் பிடித்த சாக்கின் வாயிலேயே வந்து விழுந்தது. விழாதே, விழாதே என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே சாக்கை இழுத்துப்போய் வாய்க்காலில் கவிழ்த்தாள். அங்கே ஏற்கெனவே கொட்டிய இரண்டு சாக்கு இலையும் தண்ணீரை அடைத்துக்கொண்டு மேடாகி நின்றது.

"ஏ புள்ள! வீட்டுக்காரனுக்கு மெத்த தைக்கிறியா?"

அடுத்த வீட்டுச் செல்லாயி. தோளில் மண்வெட்டி, வாயில் வெற்றிலை. இருவரும் புல் வெட்டும் கூட்டத்தில்தான் வேலை. மத்தியானக் கஞ்சிக்கு விட்ட நேரத்தில் இவள் மட்டும் காணாமல் போனதைப் பார்த்துத் தேடி வந்திருக்கிறாள்.

"அடுப்பெரிக்க அக்கா."

"மூணு சாக்கு எலய எரிச்சு என்னடி ஆக்கப் போற, கல்யாண விருந்தா? வா வா, கங்காணி கத்துறாரு."

இருளாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பாதைக்கு அந்தப் பக்கம் எட்டாம் நம்பர் ரப்பர் காடு பச்சைப்பசேலென்று நின்றது. இந்தப் பக்கம் ஏழாம் நம்பர் மட்டும் ரத்தம் பட்ட மாதிரிச் சிவந்து உதிர்ந்துகொண்டிருந்தது. இதைவிட வேறு சாட்சி என்ன வேண்டும்? அவள் கத்தி வைத்தது ஏழாம் நம்பரில்தானே!

அவளுக்குப் பதினாறு வயது. ஐப்பசியில் கல்யாணம், கார்த்திகையில் கப்பல். மாப்பிள்ளை பத்துமலை அவளுக்கு அத்தை மகன். அந்த அத்தையை அவள் கண்ணால் கண்டதில்லை. எந்தக் காலத்திலோ மலாயாவுக்கு வந்து, இந்தப் பேராக் தோட்டத்திலேயே அவனைப் பெற்று, இங்கேயே போய்ச் சேர்ந்தவள். அம்மாவின் ஊரில்தான் பெண் எடுக்க வேண்டும் என்று அவன் முசிறிப் பக்கம் வந்தான், தாலி கட்டினான், கூட்டிவந்தான். நல்ல மனிதன்தான் என்று இருளாயிக்குத் தோன்றியது. ஆனால் மூன்று மாதத்தில் ஒரு மனிதனைப் பற்றி என்ன தெரிந்துவிடும்? காலையில் இருட்டோடு பால் வெட்டப் போவான், சாயங்காலம் குளித்துச் சாப்பிட்டுப் படுப்பான். பேச்சு குறைவு. கத்தியைத் தீட்டும்போது மட்டும் மெல்ல விசில் அடிப்பான்.

ஒன்பது நாளைக்கு முன்னால் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. எலும்பு எல்லாம் கடகடவென்று ஆடும் குளிர்காய்ச்சல். விடியும் நேரத்தில் கண் சொருகி, யார் யாரோடோ பேசிக்கொண்டிருந்தான். ஏழாம் நம்பர் சமதரைக் காடு. அங்கே வெட்ட ஒரு நிரை மரம் கிடைக்க ஆட்கள் தவம் கிடந்தார்கள். போன மாதம் ஒருவன் இரண்டு நாள் வராததற்கு அவன் மரங்களை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டு, அவனை மலைச்சரிவுக்கு அனுப்பினார்கள். அவன் இப்போது வாளியோடு வழுக்கி விழுந்து, முழங்காலில் கட்டோடு திரிகிறான்.

இருளாயி ஒரு நிமிஷம்தான் யோசித்தாள். புருஷனுடைய தலைத்துண்டைக் கட்டிக்கொண்டாள், கத்தியை எடுத்துக்கொண்டாள். விடியற்காலைப் பெரட்டில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டபோது, "மாமா அப்பவே காட்டுக்குப் போயிட்டாரு. மங்கு தொடச்சுக் குடுக்க நானும் போறேன்" என்று கங்காணியிடம் ஒரே மூச்சில் பொய் சொன்னாள். மரத்தில் பால் பிடிக்கும் மங்கைத் துடைத்துக் கொடுக்கப் பெண்டாட்டிமார் போவது வழக்கம்தான். யாரும் சந்தேகப்படவில்லை.

அவன் வெட்டுவதை அவள் நாலைந்து தடவை பார்த்திருக்கிறாள். வெங்காயத் தோலை உரிப்பதுபோல அவன் இழுப்பான். பால் கோடு விட்டு இறங்கும். அவள் இழுத்தபோது கத்தி சில மரத்தில் வழுக்கியது, சில மரத்தில் பட்டையைத் தாண்டி உள்ளே இறங்கி வெள்ளைக் கட்டையில் கடக்கென்று நின்றது. அப்படி நின்ற மரம் ஒவ்வொன்றையும் அவள் எண்ணினாள். நாற்பத்தொன்று.

செத்துப்போன அவளுடைய அப்பா பனையேறி. குருத்தில் கத்தி பட்டுவிட்டால் பனை அன்றைக்குச் சாகாது என்று சொல்லுவார். ஒன்றும் நடக்காத மாதிரி நிற்கும். பிறகு ஓலை ஓலையாக விழுந்து, நின்றபடியே செத்துவிடும்.

மறுநாள் மழை, வெட்டு இல்லை. மூன்றாம் நாள் கொயினா மாத்திரை வேலை செய்து பத்துமலை எழுந்து வேலைக்குப் போனான். அன்று சாயங்காலம் வந்தவன் அவளோடு பேசவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. கத்தி தீட்டும்போது விசில் இல்லை. காயத்தைப் பார்த்துவிட்டான், தெரிந்துவிட்டது, எப்போது கேட்கப்போகிறானோ என்று அவள் ஒவ்வொரு வேளையும் செத்துப் பிழைத்தாள். அதற்குள் ஏழாம் நம்பரில் இலை சிவக்க ஆரம்பித்தது.

மூன்று சாக்கு இலை அள்ளிய அன்று சாயங்காலம் அவள் கருவாட்டுக் குழம்பை ஊற்றினாள். அவன் சோற்றைப் பிசைந்தானே தவிர வாயில் வைக்கவில்லை. வலது கையை விரித்தான், மூடினான், திரும்ப விரித்துப் பார்த்தான்.

"ஏழாம் நம்பர்ல நாளையிலேர்ந்து வெட்டு இல்ல" என்றான்.

"ஏன்?"

"எல கொட்டுதுல்ல. நாளன்னைக்கு வெள்ளக்காரச் சின்னத்தொர மரத்துப் பட்ட பாக்க வராரு." கொஞ்சம் நிறுத்தினான். "நான் கத்தியக் கங்காணிகிட்டக் குடுத்துறலாம்னு பாக்குறேன். ஒங்கூடப் புல்லு வெட்ட வாரேன்."

"நீங்களா? புல்லு வெட்டவா?"

"ஏன், நான் வெட்டுனா புல்லு வெட்டுப்படாதா?" என்று சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டான்.

இரவு வெகுநேரம் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. லயத்தில் வீட்டுக்கு வீடு நடுவில் பலகைத் தடுப்பு. அது கூரைவரைக்கும் போகாது. மேலே ஒரு முழம் திறந்தே கிடக்கும். அந்த வழியாகச் செல்லாயியின் புருஷன் ராமையாவின் குறட்டை வந்துகொண்டிருந்தது. பத்துமலையும் தூங்கவில்லை என்பது அவன் மூச்சில் தெரிந்தது.

"மாமா."

"ம்."

"மரத்தையெல்லாம் கொன்னது நான்தான்."

"எந்த மரத்த?"

"ஏழாம் நம்பர் பூராவும்." அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "என்னைக் கப்பல்ல ஏத்தி அனுப்பிறாதீங்க மாமா. எனக்கு அங்க யாரும் இல்ல. எல விழுகுறத நிறுத்திறலாம்னு பாத்தேன், அள்ளி அள்ளி வாய்க்கால்ல கொட்டுனேன், நிக்க மாட்டேங்குது..."

குறட்டை நின்றது. தடுப்புக்கு அந்தப் பக்கம் பாய் சரசரத்தது. பிறகு அணை உடைந்தாற்போல ஒரு சிரிப்பு.

"அடி கூறுகெட்டவளே! அதுக்குத்தான் சாக்கு சாக்கா அள்ளுனியா?" செல்லாயிக்கு மூச்சு முட்டியது. "அது எல மாத்துற காலம்டி! வருசா வருசம் மாசியில கொட்டும், பங்குனியில துளிர்விடும். நாளைக்கு எட்டாம் நம்பரும் செவக்கும், பாரு. அதையும் நீதான் கொன்னியா?"

"எங்க ஊர்லயும்தான் வேம்பு உதுக்கும்" என்றாள் இருளாயி ரோஷமாக. "காடே செவந்து செத்தா விழும்?"

"பத்துமல, ஒம் பொண்டாட்டிய ஈப்போ டவுனுக்கு அனுப்பு லா" என்றது ராமையாவின் தூக்கக் குரல். "தெருக் கூட்ட ஆள் வேணுமாம்."

பத்துமலையும் சிரித்தான். அவன் சிரித்துக் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று! ஆனால் சட்டென்று நிறுத்திவிட்டு முழங்கையை ஊன்றி எழுந்தான்.

"நீ ஏன் மரத்தக் கொன்னேன்னு நெனச்ச?"

இனி ஒளிக்க ஒன்றும் இல்லை. தலைத்துண்டு, பொய், கத்தி, வெள்ளைக் கட்டை எல்லாவற்றையும் சொன்னாள். அவன் விளக்கைப் பொருத்தினான்.

"அப்ப அன்னிக்கு நான் காட்டுக்குப் போவலியா?"

"நீங்க பாய விட்டே எந்திரிக்கல மாமா."

"பெரட்டுல எல்லாரும் நான் அன்னிக்கு முன்னாடியே போயிட்டேன்னு சொன்னானுங்களே! எனக்கு ஒன்னும் ஞாபகம் இல்ல. காய்ச்சலோட நான்தான் போயி வெட்டிப்புட்டேன், எங்கை போச்சு, இனிமே கத்தி புடிக்க லாயக்கில்லன்னு நெனச்சுக் கெடந்தேன். நாப்பத்தோரு மரம்!"

"நீங்களும் எண்ணுனீங்களா?"

அவன் விளக்கு வெளிச்சத்தில் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தன் கைதானா என்று சந்தேகப்படுகிறவன் மாதிரி. பிறகுதான் கோபம் வந்தது. "வெட்டத் தெரியாதவ எதுக்குக் கத்திய எடுக்கணும்? பன்னெண்டு வயசுலேர்ந்து வெட்டுறேன், எங்கத்தி கட்டையில பட்டதே இல்ல தெரியுமா?" என்று கத்தினான்.

"மெதுவாப்பா, லயமே முழிச்சிருக்கு" என்றாள் செல்லாயி தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து.

விடிந்ததும் இரண்டு பேரும் கங்காணி ஐயாவு வீட்டு வாசலில் போய் நின்றார்கள். சின்னத்துரை கண்ணில் படுவதற்கு முன்னால் நாமே சொல்லிவிட வேண்டும் என்பது பத்துமலையின் கணக்கு. வழியெல்லாம், "நான்தான் பேசுவேன், நீ வாயத் தொறக்காத" என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

"கங்காணி, ஏழாம் நம்பர்ல நாப்பத்தோரு மரத்துல காயம். காய்ச்சல்ல எங்கை தடுமாறி..."

"பொய்!" என்றாள் இருளாயி. தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று அவளே திடுக்கிட்டாள். "நான்தான் வெட்டுனேன் ஐயா. அவரு படுத்துக் கெடந்தாரு. ஒங்ககிட்டப் பொய் சொன்னதும் நான்தான். மலைக்கு அனுப்புறதுன்னா என்னைய அனுப்புங்க."

ஐயாவு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அன்னிக்கு நீ கொண்டாந்த பால்ல பட்டத்தூள் ஈயாட்டம் மெதந்துச்சு. பத்துமல பால்ல தூசி கூட இருக்காது. எனக்குத் தெரியாதா, யாரு கைன்னு?"

"அப்ப ஏன் கேக்கல?" என்றான் பத்துமலை.

"நீயா வந்து சொல்றியான்னு பாத்தேன். ஆமா, மொத்தம் எத்தன மரம் வெட்டுன புள்ள?"

"முந்நூறும் வெட்டுனேன்."

"முந்நூறுல நாப்பத்தொன்னு. அதுவும் மொத நாளு." இப்போதுதான் அவர் சிரித்தார். "ஒம் புருசன் மொத நாளு அம்பது மரத்த எடுத்தான், அறுவது காயம் போட்டான். ஒரே மரத்துல ரெண்டு ரெண்டு! அவன் ஆத்தா வந்து என் கால்ல வுழுந்தா. சொல்லியிருக்கானா?"

இருளாயி திரும்பிப் பார்த்தாள். பத்துமலை எங்கேயோ கூரையில் ஓடுகிற பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சின்னத்தொரகிட்ட நான் பேசுறேன். ஆனா நான் பேசுனா மரம் ஆறிடாது" என்றார் ஐயாவு. "வெட்டு நிக்கிற நாள்ல ரெண்டு பேருமாச் சேந்து அத்தன காயத்துக்கும் மண்ணு பூசுங்க. வேல முடிஞ்ச பொறவு போங்க, கூலி கெடையாது. தளிர் முத்துறதுக்குள்ள காயம் மூடுச்சுன்னா ஏழாம் நம்பர் ஒனக்கு. இல்லன்னா மலதான், நான் ஒன்னும் செய்ய முடியாது. மூடுச்சுன்னா இவளுக்கும் ஒரு கத்தி கேட்டு வாங்கித் தாரேன்."

அன்று சாயங்காலமே இருவரும் காட்டுக்குப் போனார்கள். களிமண்ணும் சாணியும் குழைத்த வாளி அவன் கையில், தண்ணீர் அவள் கையில். பாதி இலை கொட்டிவிட்டதால் காட்டுக்குள் வெளிச்சம் கொட்டிக் கிடந்தது. மொட்டைக் கிளைகளுக்கு நடுவே, குனோங் ராபாட் பக்கத்துச் சுண்ணாம்பு மலைகள் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன. இத்தனை கிட்டத்தில் அந்த மலைகள் இருப்பதே மூன்று மாதமாக அவளுக்குத் தெரியாது.

முதல் மரத்தில் அவன் மண்ணை அப்பினான். அவள் ஓரத்தை ஈரக்கையால் வழித்துவிட்டாள். இரண்டாவது, மூன்றாவது. சில காயத்தின் உதட்டில் மெல்லிசாகப் புதுப்பட்டை புடைத்துக்கொண்டு வந்திருந்தது. சிலதில் ஒன்றுமே இல்லை. அவன் பல்லிடுக்கில் விசில் வந்துகொண்டிருந்தது.

"அறுவது காயமா?" என்றாள் அவள் ஆறாவது மரத்தில்.

"கெழவன் கூட்டிச் சொல்றான். நம்பாத."

"அம்பத்தஞ்சா?"

"வாய மூடிட்டுப் பூசு." உதட்டோரம் சிரிப்பு. பதினோராவது மரத்துக்கு வந்ததும் அவன் வாளியைக் கீழே வைத்தான். கையிலிருந்த மண்ணை உதறாமல் அப்படியே நின்றான்.

"புள்ள, ஒன்னு கேக்கட்டா?"

"கேளுங்க."

"கங்காணி முன்னாடி அத்தன தைரியமா நின்ன. என் ஒருத்தன்கிட்டச் சொல்ல ஒம்போது நாளா நடுங்கியிருக்க. நான் ஒன்னைய அடிச்சது கெடையாது, வஞ்சது கெடையாது. கப்பல்ல ஏத்துவேன்னு எப்படி நெனச்ச? எங்கிட்ட அப்படி என்னத்தப் பாத்த?"

இருளாயி குனிந்து அவன் வைத்த வாளியிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்தாள். அவனிடம் அவள் அப்படி எதையும் பார்த்ததே இல்லை. அப்படியானால், ஒன்பது நாளாக அவள் பயந்தது இவனுக்கா, தானே மனசுக்குள் செய்துகொண்ட ஒரு புருஷனுக்கா?