வெறுங்கால்

அத்தாராள் ஊர் வாசலுக்கு வெறுங்காலோடு வந்தாள். கல்லிருக்கையில் உட்கார்ந்திருந்த பத்து மூப்பர்களும் முதலில் அவள் முகத்தைத்தான் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவர் பார்வையாகக் கீழே இறங்கியது. தாபசேத் ஊரில் செருப்பில்லாமல் நடப்பவர்கள் துக்க வீட்டுக்காரர்களும், சண்டையில் பிடித்துவந்த அடிமைகளும்தான். அவள் அப்பா இறந்து இரண்டு வருடம் முடிந்துவிட்டது. அவளை யாரும் பிடித்துக்கொண்டும் வரவில்லை. வரும் வழியில் குடத்தோடு நின்ற பெண்கள் பேச்சை நிறுத்திக்கொண்டு அவளுக்கு வழிவிட்டிருந்தார்கள். அந்த மௌனம் இன்னும் முதுகில் ஒட்டிக்கொண்டிருப்பதுபோல் இருந்தது.

ஒட்டகத் திமில்போல் எழும்பிய குன்றின்மேல் இருந்த அந்த ஊர், செபுலோன் கோத்திரத்தின் கடைசி ஊர். குன்றின் அடிச்சரிவில் அவளுடைய ஒலிவத் தோப்பு. தோப்போரத்தில் இடுப்பளவு உயரத்தில் ஓர் எல்லைக்கல். அதற்கு அந்தப் பக்கம் ஆசேர் கோத்திரத்தின் நிலம். ஆண்பிள்ளை இல்லாத அப்பாவின் தோப்பு முறைப்படி மகளுக்கு வந்தது. ஆனால் அவள் கல்யாணம் செய்துகொண்டால் தன் கோத்திரத்துக்குள்தான் செய்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் நிலம் கல்லைத் தாண்டிப் போய்விடும். சித்தப்பா யாலேயேல் தன் மகன் ஏலோனுக்கு அவளைக் கேட்டார். சித்தப்பா மகனைக் கட்டுவதுதான் அங்கே முறை. ஏலோனுக்கு ஏற்கெனவே ஒரு மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருந்தார்கள். அத்தாராள் இரண்டு வருடமாகச் சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. கடைசியில் மூப்பர்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். கட்டிக்கொள்ளட்டும், அல்லது ஊர் வாசலில் செருப்பைக் கழற்றிச் சித்தப்பா கையில் கொடுக்கட்டும். செருப்பைக் கொடுத்தால் நிலத்தைக் கொடுத்ததாக அர்த்தம். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

"செருப்பு எங்கம்மா?" என்றார் மூத்தவர் காதியேல்.

"இல்லைங்க பெரியவரே."

"வீட்ல மறந்துட்டு வந்துட்டியா?"

"மறக்கல. இல்ல."

யாலேயேல் எழுந்துவிட்டார். "திமிரப் பாத்தீங்களா? பதினஞ்சு நாளைக்கு முன்னாடியே ஆள் விட்டுச் சொன்னேன், செருப்போட வரணும்னு."

"நீங்க சொல்லிவிட்ட அன்னைக்கே அடுப்புல போட்டுட்டேன் சித்தப்பா. லேசுல எரியல. ரெண்டு தரம் விறகு தள்ள வேண்டியதாப் போச்சு. அந்த அடுப்புல சுட்ட அப்பத்தத்தான் தின்னேன். தோல் வாடை மூணு நாளைக்குப் போகல."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஏலோன்தான். அப்பா திரும்பிப் பார்த்ததும் தாடியைச் சொறிந்துகொண்டு வானத்தைப் பார்த்தான்.

எரித்தது தன் அப்பா கடைசியாகத் தைத்துக் கொடுத்த செருப்பு என்பதை அவள் சொல்லவில்லை. வார் சுருண்டு கருகும்போது கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. பசிதான் வந்தது. அந்தப் பசிக்காகத் தன்னைத் திட்டிக்கொண்டே அப்பத்தைப் பிட்டு வாயில் போட்டாள்.

"யார் செருப்பையாவது இரவல் வாங்கிப் போட்டுக்கிட்டுக் கழட்டட்டுமே," என்றார் பல் போன மூப்பர் ஒருவர். "சடங்குதானே."

காதியேல் அவர் பக்கம் திரும்பினார். "உன் வீட்டுச் செருப்பக் குடுத்தா உன் வீட்டு நிலந்தான்யா கை மாறும். சம்மதமா?"

பல் போனவர் தன் கால்களைச் சத்தமில்லாமல் அங்கிக்குள் இழுத்துக்கொண்டார்.

"புதுசா நானே வாங்கித் தரேன்," என்றார் யாலேயேல்.

"போட்டு நடந்தாத்தான சித்தப்பா அது என்னுதாகும்? நான் போட மாட்டேன்."

"எத்தன நாளைக்கு?"

"சாகுற வரைக்கும்."

"மழை வரட்டும்டி. குளிருல பாதம் வெடிச்சு நீயே வந்து நிப்ப."

அத்தாராள் வலது காலைத் தூக்கி, மூப்பர்கள் உட்கார்ந்திருந்த கல்லிருக்கையின் மேலேயே வைத்தாள். குதிகாலில் மூன்று வெடிப்புகள். ஒவ்வொன்றிலும் செம்மண் ஏறி இறுகியிருந்தது. பெருவிரல் நகம் கருநீலமாகக் கிடந்தது.

"எல்லாம் வெடிச்சாச்சு. உள்ள இருக்கறது எங்கப்பா தோப்பு மண்ணு. இதக் கழட்டத் தெரிஞ்சா கழட்டிக்கங்க."

காதியேல் மட்டும் அந்தப் பாதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இவ நாளைக்கே அந்த ஆசேர்க்காரன் இம்னாவோட போயிட்டா?" யாலேயேலின் குரல் இறங்கியிருந்தது. "தோப்பு போச்சு. ஊருக்கே தெரியும், ரெண்டு பேரும் கல்லுக்கு ரெண்டு பக்கமும் நின்னு பேசறது."

"ரெண்டு வருஷமா நான் போகல. கல்லும் நகரல."

கல்லைத் தாண்ட ஓர் எட்டு போதும். போன வருடக் காய்ப்பில் இம்னா கல்லின் மேல் வைத்த தண்ணீர்க் குடுவையை எடுக்கப் போனபோது, அந்த ஓர் எட்டு எவ்வளவு தூரம் என்று அளந்து பார்த்திருக்கிறாள். ஒரு பக்கம் போனால் தோப்பு சித்தப்பாவுக்கு. மறுபக்கம் போனால் அது அவளை மணக்கும் ஆசேர்க்காரனுக்கு. எந்தப் பக்கம் போனாலும் அது அவளுடையது இல்லை. அசையாமல் நிற்கும்வரைதான் அது அவளுடையது. நிற்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

"செருப்பு இல்லாம சடங்கு இல்ல," என்றார் காதியேல் கடைசியில். "ஒலிவக்காய் உதிர்ப்பு முடியட்டும். பேசலாம்."

"என்ன பெரியவரே, ஒரு பொம்பளைக்கு…"

"நீயும் பாத்தேல்ல அந்தக் கால? போய் வேலையப் பாரு."

அவள் சரிவில் இறங்கும்போது முதல் தூறல் விழுந்தது. சரளைக்கல் ஒவ்வொன்றும் வெடிப்பைத் தேடிப் பிடித்துக் குத்தியது. தோப்போரம் வந்ததும் நின்றாள்.

எல்லைக்கல்லின் மேல் ஒரு ஜோடிச் செருப்பு இருந்தது. புதிது. ஆசேர்க்காரர்கள் போடும் இரட்டைத் தோல் அடி. வாரில் எண்ணெய் தடவி மெதுவாக்கியிருந்தது. அளவெடுக்காமலே அளவு சரியாக இருக்கும் என்று பார்த்ததுமே தெரிந்தது. பதினைந்து நாளாக அவள் கால் தடத்தை யாரோ கவனித்திருக்க வேண்டும். கல்லுக்கு அந்தப் பக்கம், தூரத்தில், இம்னா முதுகைக் காட்டிக்கொண்டு மரத்தைக் கோலால் அடித்துக்கொண்டிருந்தான். திரும்பவில்லை. காய்கள் உதிரும் சத்தம் மட்டும் கேட்டது.

அவள் ஒரு செருப்பின் உட்புறத்தில் விரல் வைத்தாள். தோல் வெதுவெதுப்பாக இருந்தது. பாதம் இரண்டும் ஒரே சமயத்தில் வலித்தன, கேட்பதுபோல.

விரலை எடுத்துக்கொண்டாள். செருப்பை எடுக்கவும் இல்லை, தள்ளிவிடவும் இல்லை. தன் பக்கத்து மரத்தில் சாய்த்து வைத்திருந்த கோலை எடுத்து, கால்விரல்களை ஈரமண்ணில் அழுத்தி ஊன்றிக்கொண்டு, முதல் கிளையை அடித்தாள். காய்கள் தலையிலும் தோளிலும் விழுந்தன. அவள் அடித்ததும், அந்தப் பக்கம் இம்னாவின் கோல் சத்தம் ஒரு கணம் நின்று, மறுபடி கேட்டது.

மழை வலுத்தது. கல்லின் மேல் இரண்டு செருப்புகளிலும் தண்ணீர் நிறைந்துகொண்டிருந்தது. ஒரு சிட்டுக்குருவி வந்து குதிகால் விளிம்பில் உட்கார்ந்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, குனிந்து குடித்தது.