புல் புதைந்த திட்டு

அப்துல் ஹமீத் மேஸ்திரிக்குக் கோபம் வந்தால் ஆம்பூர் முழுக்கக் கேட்கும். அதே மனுஷர் ரயில் கம்பெனி ஆபீஸ் வாசலில் இரண்டு வருஷம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். நின்றார். ஆலங்கரையில் காலை ரயில் ஒரே ஒரு நிமிஷம் நிற்க வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது.

ஆலங்கரையிலிருந்து ஆம்பூர் நாலு மைல். ஊரில் பாதிப் பேருக்கு அங்கே தோல் பதனிடும் ஷாப்பில்தான் வேலை. விடிவதற்குள் கிளம்பித் தண்டவாளத்தோடு நடந்து போவார்கள். வழியில் கானாற்றின் மேல் ரயில் பாலம். அதில் கைப்பிடியும் கிடையாது, வண்டி வந்தால் ஒதுங்க இடமும் கிடையாது. வெயில் காலத்தில் கீழே மணலில் இறங்கி நடந்துவிடலாம். ஐப்பசியில் கானாறு ஓடினால் பாலத்தை விட்டால் வேறு வழியில்லை.

1929 ஐப்பசியில், சின்னப்பொண்ணு, எல்லம்மா என்று இரண்டு பெண்கள் அந்தப் பாலத்தில் கூட்ஸ் வண்டியில் அடிபட்டுச் செத்தார்கள். மழை, இருட்டு, காற்றுச் சத்தம். வண்டி வந்தது காதில் விழவில்லை. வழக்கமாக அவர்கள் கிளம்புகிற நேரத்துக்கு அந்தக் கூட்ஸ் வண்டி போய்விட்டிருக்கும். ஆனால் முந்தின நாள், "பட்டை மூட்டை வந்து எறங்கிருக்கு, நனைஞ்சா போச்சு, நாளைக்கு ஒரு மணி முன்னாடியே வந்துடுங்க" என்று சொல்லி அனுப்பியவர், ஷாப்பில் தோல் பதனிடும் பட்டைக்கும் ஆட்களுக்கும் பொறுப்பான ஹமீத் மேஸ்திரி. அவரும் ஆலங்கரைக்காரர்தான். ஊரில் ஒருத்தர்கூட அவரைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் தூக்கம் வந்திருக்கும்.

மனு மேல் மனு போட்டார். தாலுகா போர்டில் உட்கார்ந்து கத்தினார். கடைசியில் ரயில் கம்பெனி இறங்கி வந்தது. ஆலங்கரையில் மண் பிளாட்பாரம் போடுவது, பாதிச் செலவு கம்பெனியுடையது, பாதி போர்டுடையது என்று முடிவாயிற்று. போர்டு பணம் என்றால் ஜனங்கள் கட்டிய வரி. அதனால் வேலை எவ்வளவு முடிந்தது என்று கம்பெனி ஓவர்சீர் எழுதும் ரிப்போர்ட்டில், போர்டு சார்பாக ஒருவர் நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். அந்த ஒருவர் யார்? வேறு யார், நம்ம மேஸ்திரிதான்.

இடம் பள்ளமான இடம், ஏரிக்கரைச் சேறு. முதலில் காண்டிராக்டர் பள்ளத்தை மண் போட்டுத் தூர்க்க வேண்டும், அதற்குமேல்தான் பிளாட்பாரம் எழும்பும். தூர்த்த மண் சேற்றுக்குள் போய்விடும், கண்ணுக்குத் தெரியாது. காண்டிராக்டருக்குப் பணமோ போட்ட மண்ணின் அளவுக்கு. ஆகவே எவ்வளவு மண் போட்டார்கள் என்பதை, மண் வெட்டி எடுத்த குழியில்தான் அளப்பார்கள். அதற்காகக் குழியின் நடுவில் அங்கங்கே ஒரு திட்டை வெட்டாமல் விட்டுவைப்பது வழக்கம். திட்டின் உச்சி பழைய தரை, குழியின் அடி இப்போதைய தரை. உச்சியிலிருந்து அடிவரை அளந்தால் எத்தனை அடி வெட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

ஆடி மாதம் ஓவர்சீர் கூப்பிட்டார், மேஸ்திரி போனார். ஓவர்சீர் டேப்பை நீட்ட, "உங்க டேப்பு நீங்களே வெச்சிக்கோங்க. முப்பது வருஷமா குழி அளக்கிறவன் நான்" என்று தன் குச்சியை எடுத்தார். ஷாப்பில் தோல் ஊறவைக்கும் குழிகளில் தண்ணீர் அளக்கும் ஆறடிக் குச்சி அது, அரை அடிக்கு ஒரு வெட்டு. ஷாப் குழிகளுக்குத் தரைக்கு மேலே செங்கல் வைத்து விளிம்பு கட்டியிருப்பார்கள். விளிம்பிலிருந்துதான் அளக்க வேண்டும், அதுதான் அங்கே கணக்கு. முப்பது வருஷப் பழக்கம் கையை விட்டுப் போகுமா? திட்டின் உச்சியைப் பார்த்தார், அதுதான் விளிம்பு என்று கை தானாகவே குச்சியை நட்டது. ஐந்தடி. எல்லாத் திட்டும் ஐந்தடி. உச்சியைக் கிளறிப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ஓவர்சீர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'முக்கால் வேலை முடிந்தது' என்ற ரிப்போர்ட்டில் மேஸ்திரி அழகாகக் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு வீட்டில் நன்றாகச் சாப்பிட்டார்கூட.

ஆவணியில் இடி விழுந்தது. ஆலங்கரைத் திட்டம் பற்றிப் பேச அடுத்த வியாழக்கிழமை ஆம்பூர் சத்திரத்தில் பொதுக்கூட்டம், கம்பெனி எஞ்சினியர் வருகிறார் என்று தகவல் வந்தது. என்ன சொல்லப் போகிறார் என்பதையும் ஷாப் முதலாளி சர்தார் பாஷா கேட்டு வந்து சொன்னார். முக்கால் பங்கு மண் போட்டாகிவிட்டது, போர்டு ஆளே பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார், ஆனாலும் பள்ளம் நிறையவில்லை, இது மண்ணை விழுங்குகிற இடம், இனிப் பிரயோஜனமில்லை, திட்டத்தைக் கைவிடுகிறோம்.

மேஸ்திரி பட்டை இடிக்கும் கொட்டகையில் போய் உட்கார்ந்து, "பூமி முழுங்கிடுச்சாம்! இன்னா அநியாயம் இது!" என்று புலம்பினார்.

பட்டை அள்ளிக்கொண்டிருந்த கோவிந்தம்மாள் கூடையைக் கீழே வைத்தாள். ஷாப்புக்கு வருவதற்கு முன்னால் பத்து வருஷம் காட்பாடிப் பக்கம் ரயில் பாதைக்கு மண் சுமந்தவள் அவள். செத்துப்போன எல்லம்மா அவள் தங்கை.

"பூமி எங்க முழுங்குச்சு மேஸ்திரி? போட்டாத்தானே முழுங்கும்."

"நான் அளந்தேம்மா. அஞ்சடி."

"நடந்து வர்றப்ப பார்த்தேன், திட்டு மேல புதுசா மண்ணு ஏத்தியிருக்கானுங்க. வெட்டினது மூணு அடிதான். நாங்க மண்ணு சொமந்த காலத்துலயே இருக்கற திருட்டு இது."

மேஸ்திரி எழுந்து நின்றுவிட்டார். "தெரிஞ்சுமா சும்மா இருந்தே? ஏன் சொல்லல?"

"நீங்க குச்சி எடுத்துக்கினு ஜம்முனு போனீங்க. என்னைய யாராச்சும் கேட்டீங்களா?"

அன்று மத்தியானமே இரண்டு பேரும் ஆலங்கரைக் குழிக்குப் போனார்கள். கோவிந்தம்மாள் ஒரு திட்டின் பக்கவாட்டில் மண்வெட்டியால் மேலிருந்து கீழாகச் சீவினாள். மேலே இரண்டடி பொலபொலவென்று உதிர்ந்தது. அதற்குக் கீழே வெளுத்துப்போன புல், வேரோடு, ஒரு பாய் விரித்தாற்போலப் படிந்து கிடந்தது. அதற்கும் கீழே கெட்டித் தரை.

"புல்லு மண்ணுக்கு மேல மொளைக்குமா, ரெண்டடி மண்ணுக்குக் கீழ மொளைக்குமா, நீங்களே சொல்லுங்க" என்றாள்.

மேஸ்திரி அங்கேயே குந்திவிட்டார். காண்டிராக்டர் கண்ணில் மண்ணைத் தூவியிருக்கிறான். தூவுவதற்கு வாகாகக் கண்ணைக் காட்டிக்கொண்டு நின்றவர் இவர். டேப் வேண்டாம் என்று பெருமை அடித்தது ஞாபகம் வந்தபோது உடம்பெல்லாம் கூசியது.

சர்தார் பாஷாவிடம் போய்ச் சொன்னார். முதலாளி நல்லவர்தான், ஆனால் உலகம் தெரிந்தவர்.

"ஹமீத், உனக்குப் பைத்தியமா? சபையில எழுந்து என் கையெழுத்து தப்புன்னு நீயே சொல்லப் போறியா? நீ காண்டிராக்டர்கிட்ட கை நீட்டினேன்னு பேசுவாங்க. நாளைக்கு ஷாப்புல எவன் உன் பேச்சைக் கேப்பான்?"

"கேக்கமாட்டான்தான் பாய்."

"அப்புறம் இன்னாத்துக்கு? ஸ்டேஷன் போனா போவட்டும். உன் பேரு மிஞ்சும்."

மேஸ்திரி எழுந்து வந்துவிட்டார். அடுத்த நாலு நாளும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. முதலாளி சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை என்பதுதான் அவருக்கு வேதனை. வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாது. ஐப்பசி வரும், கானாறு ஓடும், ஜனங்கள் பாலத்தில் நடப்பார்கள்.

வியாழக்கிழமை சத்திரத்தில் கால் வைக்க இடமில்லை. எஞ்சினியர் துரை இங்கிலீஷில் படித்தார், ஓவர்சீர் தமிழில் சொன்னார். முதலாளி சொன்னது அட்சரம் பிசகாமல் வந்தது. "உங்கள் மேஸ்திரியே அளந்து கையெழுத்துப் போட்டிருக்கிறார்" என்று முடித்து, ரிப்போர்ட்டைத் தூக்கியும் காட்டினார். ஆலங்கரை ஜனங்கள் எல்லாரும் மேஸ்திரியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மேஸ்திரி எழுந்தார். கையில் ஈரச் சாக்கில் சுற்றிய ஒரு மூட்டை. அதை மேஜைமேல் வைத்துப் பிரித்தார். அடைபோல வெட்டியெடுத்த மண், நடுவில் வெளுத்த புல்.

"கையெழுத்து என்னுதுதான். அளவு தப்பு. திட்டு மேல மண்ணு ஏத்தி வெச்சிருந்தாங்க, நான் மேலேர்ந்து அளந்துட்டேன். ஷாப் குழி மாதிரி நெனச்சிட்டேன். டேப்பு குடுத்தாங்க, வேணாம்னுட்டேன். யாரும் எனக்குக் காசு குடுக்கல. நானா செஞ்ச முட்டாள்தனம். போட்ட மண்ணு பாதிகூட இல்ல. பூமி எதையும் முழுங்கல."

கத்தாமல் மெதுவாகத்தான் சொன்னார். அவர் கோபத்தைப் பார்த்தே பழகிய ஜனங்களுக்கு அது புதிதாக இருந்தது.

ஓவர்சீர் துரை பக்கம் குனிந்து நாலே வார்த்தை சொன்னார். துரை தலையை ஆட்டிவிட்டுக் காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார். மேஸ்திரி இத்தனை நேரம் பேசினார், அங்கே போனது நாலு வார்த்தையா? கூட்டத்தில் ஒரே கூச்சல். "முழுசா சொல்லுய்யா!"

அப்போது பின்னாலிருந்து ஒருவர் இங்கிலீஷில் பேசுவது கேட்டது. சர்தார் பாஷா. சென்னைத் தோல் கம்பெனிக்காரர்களோடு பேசிப் பழகிய இங்கிலீஷ். மேஸ்திரி சொன்னதை ஒன்று விடாமல், முட்டாள்தனம் என்றது உட்பட, நின்று நிதானமாகச் சொன்னார். துரை காகிதங்களைக் கீழே வைத்துவிட்டு அந்தப் புல்லைத் தொட்டுப் பார்த்தார்.

மறுநாள் துரையே குழிக்கு வந்து பதினோரு திட்டுகளையும் வெட்டச் சொன்னார். பதினொன்றிலும் புல். காண்டிராக்டரை மாற்றினார்கள், ஓவர்சீரைக் காணவில்லை, வேலை மறுபடி தொடங்கியது. கூடவே போர்டுக்கு ஒரு கடிதமும் வந்தது. அளக்கத் தெரியாதவர் இனி மேற்பார்வை பார்க்கக் கூடாது என்று. போர்டு மேஸ்திரியை நீக்கிவிட்டு சர்தார் பாஷாவைப் போட்டது. நியாயம்தான் என்று மேஸ்திரி எல்லோரிடமும் சொன்னார். ஆனால் அவருக்கு ரொம்ப வலித்தது. ஷாப்பில் இரண்டொரு பயல்கள் குச்சியைப் பார்த்துக் கிண்டலும் செய்தார்கள்.

ஐப்பசி பிறந்தது. பிளாட்பாரம் எழும்பி நின்றது. நாளை முதல் ரயில் நிற்கும் என்று எல்லாம் தயார், சர்தார் பாஷா கையெழுத்துப் போட வந்தார். பேனாவைத் திறந்தவர், கூட்டத்தில் நின்ற கோவிந்தம்மாளைப் பார்த்து, "நீ பார்த்துச் சொல்லும்மா, அப்புறம் போடறேன்" என்றார்.

அவள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை குதிகாலை அழுத்தி அழுத்தி மிதித்துக்கொண்டே போனாள். தெற்குக் கோடியில் நின்றாள். "இங்க கெட்டிக்கல. தண்ணி ஊத்தி இன்னும் இடிச்சு இறுக்கணும். மழை பெஞ்சா தண்டவாளத்துப் பக்கம் சரிஞ்சிடும்."

"எத்தினி நாளு?"

"ஒரு வாரம்."

ஜனங்களுக்கு அவள்மேல் ஆத்திரம் பொங்கியது. கானாற்றில் தண்ணீர் வந்துவிட்டது, ஒரு வாரம் பாலத்தில் நடக்க வேண்டும். எவ்வளவோ பொறுத்தாயிற்று, ஒரு மூலைதானே, போட்டுவிடுங்கள் என்று கத்தினார்கள். மேஸ்திரிதான் எல்லாரையும்விடப் பெரிதாகக் கத்தினார்: "போடாதீங்க பாய்! பேனாவை மூடுங்க! பாலத்தை நான் பார்த்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார். ஏழு நாளும் விடியலுக்கு முன்னால் லாந்தரோடு பாலத்தின் ஆலங்கரைக் கோடியில் நின்றார். மழைக்காலத்தில் கூட்ஸ் வண்டி நேரத்துக்கு வராது. ஆறடிக் குச்சியைக் குறுக்கே நீட்டி எல்லாரையும் மறித்து, கூட்ஸ் வண்டி போன பிறகே விட்டார். மழையில் நனைந்து சளி பிடித்தது. ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

எட்டாம் நாளும் போனார். பழக்கம்தான், வேறென்ன. கூட்ஸ் வண்டி போயிற்று. குச்சியை நீட்டியபடி நின்றார். யாரும் வரவில்லை. வெளுக்கத் தொடங்கிய தண்டவாளத்தில் ஆலங்கரைப் பக்கம் ஈ காக்கை இல்லை. அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. லாந்தரைக் கீழே வைத்துவிட்டு, சின்னப் பிள்ளைபோல் தேம்பித் தேம்பி அழுதார்.

காலை ரயில் ஆலங்கரையில் நின்று கிளம்பி, ஜன்னலெல்லாம் தலையாகப் பாலத்தின்மேல் வந்தது. கோவிந்தம்மாள் எட்டிப் பார்த்துக் கூவினாள்: "இன்னா மேஸ்திரி, ஸ்டேஷனை வெச்சிக்கினு இங்க நிக்கறீங்க? நடந்தா வரப்போறீங்க?"

மேஸ்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, குச்சியைத் தோளில் சாத்தி, ஆற்றின்மேல் தனியாக நடக்க ஆரம்பித்தார். அன்றைக்கு ஷாப்புக்கு நேரம் கழித்து வந்தவர் அவர் ஒருவர்தான்.