தங்கவயலில் ஒரு முகம்

ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்துக்கொண்டு திருத்தணி மலையேறிய கதிரவன் வீடு திரும்பவில்லை. அதற்கு முந்தைய ஒரு வருடமாகவே அவன் யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை, மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கூட்டத்தில் கையை விட்டுவிட்டோம் என்று கூடப் போனவர்கள் வாசலில் நின்று அழுதார்கள். மூன்று வருடம் ஓடிவிட்டது.

அவன் அப்பா ஹேமநாதன் அம்மையார்குப்பத்தில் விசைத்தறி ஓட்டுகிறவர். அடையாளம் தெரியாத பிணம் எங்கே கிடைத்தாலும் போலீஸ் அவரைக் கூப்பிடும். மணவூர் தண்டவாளத்தோரம், அரக்கோணம் ஆஸ்பத்திரி என்று போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போவார். போன வருடம் மனைவியிடம், "இனிமே அவன் பேச்ச எடுக்காத" என்றார். புஷ்பலதா எடுக்காமல் இருக்கவில்லை.

தை மாதம் ஒருநாள் மகள் சுசித்ரா போனை நீட்டினாள். யாரோ கோலார் தங்கவயலைச் சுற்றிப்பார்த்து எடுத்த வீடியோ. சுரங்கம் மூடிப்போன ஊர். வெள்ளைக்காரர்கள் கட்டிய ஓட்டு பங்களா ஒன்றைப் பெயின்ட் அடித்து அப்படியே வைத்திருந்தார்கள். அதன் வராந்தாவைப் பெருக்கிக்கொண்டிருந்த ஒருவன் நிமிர்ந்து பார்த்தான். புறங்கையால் புருவத்தைத் தேய்த்துக்கொண்டான்.

"எம்புள்ள" என்றாள் புஷ்பலதா.

"சாயல் இருக்குது. அவ்ளோதான்" என்றார் ஹேமநாதன்.

"நீங்க வரலன்னா நான் ஒண்டியா போறேன்."

அரக்கோணத்தில் ரயிலேறி பங்காருப்பேட்டையில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்தார்கள். ஹேமநாதன் வழியெல்லாம் கண்ணை மூடிக்கொண்டே வந்தார். புஷ்பலதா மடியில் வைத்திருந்த பையில் மகனின் சட்டை இரண்டு இருந்தன.

சுரங்கத்து மண்ணைக் கொட்டிக் கொட்டி மலையாகிப்போன மேடுகளைத் தாண்டிப் பஸ் நின்றது. தொழிலாளிகள் இருந்த ஒற்றை அறை வீடுகள் வரிசை வரிசையாகத் தகரம் துருப்பிடித்துக் கிடந்தன. அவற்றைக் கடந்துபோனால் ரோஜாச் செடியும் இரும்பு கேட்டுமாக அந்த பங்களா. வெளியூர்க்காரர்கள் நான்கைந்து பேர் ஜன்னல் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வாளியோடு அவன் பின்பக்கமிருந்து வந்தான். கேட்டருகே புஷ்பலதா நின்றுவிட்டாள். கதிரவன் நடை பழகிய நாளிலிருந்து குதிகால் தரையில் படாமல் நடப்பவன். இவன் பாதத்தை முழுசாக ஊன்றி வந்தான்.

"வாங்க, போலாம்" என்றாள். "இவன் இல்ல."

ஹேமநாதன் ஏற்கெனவே படியேறியிருந்தார்.

"கதிரு."

"யாருங்க?"

"நைனாடா."

"எம்பேரு சேட்டுங்க. நான் இந்த ஊருதான். எங்கப்பா இங்க சுரங்கத்துல வேல செஞ்சவரு."

ஹேமநாதன் அவனுடைய இடது கையைப் பிடித்துத் திருப்பினார். கதிரவனுக்குக் கட்டைவிரலடியில் தறி பிய்த்த ஆழமான தழும்பு உண்டு. இந்தக் கையில் ஒன்றுமில்லை. அவர் விரலால் அந்த இடத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு மனைவியைத் திரும்பிப் பார்த்தார். மூன்று வருடத்தில் முதல் தடவையாக அவர் முகம் மலர்ந்திருந்தது.

"ஆறிடுச்சு பாரு, புஷ்பா. சுத்தமா ஆறிடுச்சு."

சேட்டு புஷ்பலதாவைப் பார்த்தான். அவள் இல்லையென்று தலையசைத்தாள். அவனுக்குப் புரிந்தது, கையை இழுத்துக்கொள்ளவில்லை. "உக்காருப்பா, தண்ணி கொண்டாறேன்" என்றான்.

அப்பா என்ற அந்த ஒரு வார்த்தையை அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று புஷ்பலதா பின்னால் எத்தனையோ முறை நினைத்தாள். அன்று அவரை ரயிலேற்றுவதற்குள் அவளுக்கு உயிர் போயிற்று.

அடுத்த வாரம் தறியை நிறுத்திவிட்டு, சொல்லாமல் தனியாகப் போனார். அவள் போய்க் கூட்டி வந்தாள். திரும்பவும் போனார். சேட்டு அவருக்குச் சோறு வாங்கிக்கொடுத்துவிட்டு அவளுக்குப் போன் செய்தான். "எனக்கும் என்ன செய்யறதுன்னு தெரிலம்மா" என்றான். மாசி முடிவதற்குள் அவன் வேலையை விட்டுவிட்டான். மறுபடியும் கிளம்பிப் போன ஹேமநாதனைத் தேடிப் புஷ்பலதா அங்கே போனபோது பங்களாவை ஒரு பெண் பெருக்கிக்கொண்டிருந்தாள். சேட்டு எங்கே போனான் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை.

கடைசியில் புஷ்பலதா ஹேமநாதனைப் பங்காருப்பேட்டை ஸ்டேஷனில் கண்டுபிடித்தாள். தாடி வளர்ந்திருந்தது. ரயிலை விட்டு இறங்குகிறவர்களை ஒவ்வொருவராக நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"கைல கெடச்சவன திரும்பவும் வுட்டுட்டேன், புஷ்பா."

"அவன் நம்ம புள்ள இல்லங்க."

"ஆங். நீ அப்படிதான் சொல்லுவ. பெத்தவ, கேட்டாண்டயே நின்னுட்ட."

அரக்கோணம் போகும் வண்டி வந்தது.

"ஏறுங்க. சுசி ஒண்டியா இருக்கா."

"நீ போ. நான் அவன கூட்டிகினு வரேன்."

அவள் அவர் தோளைப் பிடித்து இழுத்தாள். அவர் பெஞ்சை இறுகப் பிடித்துக்கொண்டார். எல்லாரும் ஏறி முடித்தார்கள். வண்டி நகர்ந்தது. புஷ்பலதா பிடியை விட்டுவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.